இரண்டு மணி நேரம் மட்டும் வெளியே வர முடிந்தவளுக்கு: குடும்ப வன்முறைச் சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

மணவாழ்க்கை கசந்துபோன பெண்ணுக்கென்று தமிழ்நாட்டில் இயங்கும் சேவைகள் எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல. 181 என்ற தொலைபேசி உதவி எண், ‘சகி’ எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம், சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர், அனைத்து மகளிர் காவல் நிலையம், நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகிய ஐந்தும் எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. என் சித்தி மகளுக்குத் துணையாக இந்த ஐந்தையும் அணுகிப் பார்த்தவள் என்ற முறையில், பயன்படுத்தியவரின் பார்வையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். எந்த மாவட்டம், எந்த அலுவலகம் என்ற விவரங்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டியோடு வீட்டை விட்டு வந்துவிட்ட பெண்ணுக்கு இந்தச் சேவைகள் எப்படி என்பதைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். நான் பார்ப்பது இன்னும் அந்த வீட்டிலேயே இருப்பவளை. கணவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு, ரேஷன் கடைக்கோ பிள்ளையின் பள்ளிக்கோ போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பியாக வேண்டியவள் அவள். அவளுடைய ஏ.டி.எம். அட்டை கணவரிடம் இருக்கிறது. கைப்பேசியை ஒவ்வொரு இரவும் அவர் வாங்கிப் பார்க்கிறார். கல்யாணத்துக்குப் போட்ட நகை எந்த வங்கியில் அடகில் இருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியாது. வெளியே காட்டும்படியான காயமும் உடம்பில் இல்லை. என் தங்கையின் நிலை ஏறத்தாழ இதுதான். அவள் விவாகரத்தும் கேட்கவில்லை, கணவரைச் சிறைக்கு அனுப்பவும் விரும்பவில்லை. பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும், அந்த வீட்டிலேயே பயமில்லாமல் இருக்க வேண்டும், தன் சம்பளம் தன் கைக்கு வர வேண்டும் என்ற மூன்றைத்தான் கேட்டாள்.

இப்படிப்பட்டவள் முதலில் போவது பிறந்த வீட்டுக்குத்தான். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் நாடு முழுவதும் 14 சதவீதத்தினரே யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களிலும் பெரும்பாலோர் பிறந்த வீட்டாரிடம்தான் கேட்டிருக்கிறார்கள். அங்கே கிடைக்கும் பதில் நமக்குத் தெரிந்ததுதான். “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, தங்கச்சிக்கு இன்னும் வரன் பாத்துக்கிட்டிருக்கோம்” என்று சித்தியே சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மூத்தவள் திரும்பி வந்துவிட்டால் இளையவளுக்கு வரன் அமையாது என்று அவர்கள் பயந்தது வெறும் கற்பனையும் அல்ல. ஆடிக்கும் பொங்கலுக்கும் பிரசவத்துக்கும் மட்டுமே திறந்திருக்கும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம்.

அங்கிருந்து திரும்பியவளுக்கு எளிதாக எட்டுவது 181. தமிழ்நாட்டில் 2018இல் தொடங்கப்பட்ட இந்த எண் இரவு பகல் இயங்குகிறது. எடுத்தவர் தமிழில் நிதானமாகப் பேசினார், குறுக்கே பேசாமல் கேட்டார், “இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா” என்பதை முதல் கேள்வியாகக் கேட்டார். எங்கள் அனுபவத்தில் ஐந்து சேவைகளிலும் மிகச் சிறந்தது இதுதான். ஆனால் அழைத்த எண் கைப்பேசியின் பட்டியலில் நின்றுவிடும் என்பதை அழைப்பவரே நினைவில் வைத்து அழித்துவிட வேண்டும். மீண்டும் பேச வேண்டியிருந்தால் எந்த எண்ணில், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்பதையும் முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. தங்கை என் எண்ணைக் கொடுத்தாள். அந்த வசதி இல்லாதவர்கள், வேலை செய்யும் இடத்தில் நம்பிக்கையான ஒருவரின் எண்ணைக் கொடுக்கலாம்.

அடுத்தது, குடும்ப வன்முறைப் புகாரை அறிக்கையாகப் பதிவு செய்யும் பாதுகாப்பு அலுவலர். பெரும்பாலும் மாவட்டத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் இவர்கள் இருக்கிறார்கள். அலுவலகம் மாவட்டத் தலைநகரில், அதுவும் பல ஊர்களில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. நகரத்தில் இருப்பவளுக்கு இது தொல்லை இல்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று 2021 மே மாதம் வந்த உத்தரவு, கணவரிடம் காசு கேட்காமல் வீட்டை விட்டு இறங்கும் வழியை அவளுக்குத் தந்திருக்கிறது. இந்த ஐந்து சேவைகளின் பட்டியலில் அந்தப் பேருந்தை யாரும் சேர்ப்பதில்லை என்றாலும் நான் சேர்ப்பேன். தாலுகாவின் கடைசி கிராமத்திலிருந்து வருபவளுக்கோ போகவும் வரவுமே இரண்டு மணி நேரம் போதாது.

அந்த அலுவலகத்தில் நிரப்பப்படும் குடும்ப வன்முறை அறிக்கைப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவை முழுவதிலும் மிக நேர்த்தியாக உருவாக்கப்பட்ட பொருள் அதுதான். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளோடு இணைந்த முதல் படிவம், வன்முறையை உடல், பாலியல், சொல்லாலும் மனத்தாலும் செய்வது, பொருளாதாரம் என்று பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் நடந்தவற்றைக் குறித்துக்கொண்டே போகிறது. நடத்தையைச் சந்தேகித்துப் பேசுவது, ஆண் குழந்தை பெறாததற்காக இழிவுபடுத்துவது, வரதட்சணை கொண்டுவராததைக் குத்திக்காட்டுவது, வீட்டை விட்டு வெளியே போகவிடாமல் தடுப்பது, வேலைக்குப் போகவிடாமல் செய்வது எல்லாம் அதில் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கின்றன. பொருளாதாரப் பகுதிக்கு வந்தால், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டு வாடகையைக் கட்டாமல் விடுவது, பெண்ணுக்குச் சொல்லாமல் அவளுடைய சீதன நகையை அடகு வைப்பது அல்லது விற்பது, உணவுக்கும் துணிக்கும் மருந்துக்கும் பணம் தராமல் இருப்பது என்று வரிசையாக வருகிறது.

எங்களுக்குக் கிடைத்தது ஆங்கிலப் படிவம். அலுவலர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நகையை அடகு வைக்கும் வரி வந்தபோது தங்கை, “இதுவும் இதுல சேருமா மேடம்?” என்று கேட்டாள். பல ஆண்டுகளாகத் தன் ராசி என்றும் தன் வீட்டு விஷயம் என்றும் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று, அரசாங்கத்தின் அச்சுத் தாளில் முன்பே இடம்பெற்றிருந்ததை அவளால் நம்ப முடியவில்லை. அடி விழுந்தால்தான் கொடுமை என்று நினைத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்தப் படிவத்தை ஒருமுறை படித்துக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். பள்ளிகளிலும் சுய உதவிக் குழுக் கூட்டங்களிலும் அதன் தமிழ் நகலை விநியோகிக்கலாமே என்று தோன்றியது.

ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பிய அறைக்குக் கதவு இல்லை. எதிர் பெஞ்சில் திருமண நிதியுதவிக்காக ஒரு குடும்பமே காத்திருந்தது. பாலியல் வன்முறை பற்றிய பகுதி வந்ததும் அலுவலர் குரலைத் தாழ்த்தினார். தங்கை தலையசைத்து ‘இல்லை’ என்றாள். பேனா அடுத்த பகுதிக்குப் போய்விட்டது. அவள் சொன்னது உண்மையல்ல என்பது எனக்குத் தெரியும். மனைவிக்கு 18 வயது நிரம்பியிருந்தால் கணவரின் வன்புணர்ச்சியை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா இன்றும் குற்றமாகக் கொள்ளவில்லை. அப்படியிருக்க, திருமணமான பெண் அதைச் சட்டத்தின் முன் பதிவு செய்யக்கூடிய மிகச் சில இடங்களில் ஒன்று இந்தப் படிவம். அந்தப் பகுதி காலியாகப் போனதற்கு ஒரு தடுப்புத் திரை இல்லாததே காரணம். சட்டத்தை இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் அறைக்கு ஒரு கதவு போட மறந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி மகளிர் காவல் நிலையம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இன்று மாநிலத்தில் இவற்றின் எண்ணிக்கை 200ஐத் தாண்டிவிட்டது. பெண்ணின் வீட்டுக்கு மிக அருகில் இருப்பது இதுதான் என்பதால், இந்த ஐந்து சேவைகளில் பெரும்பாலோர் இங்கேதான் முதலில் போகிறார்கள். நாங்கள் போன நிலையத்தில் மனுவை வாங்கினார்கள், கேட்டதும் மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் தந்தார்கள். அதுவரை குறை இல்லை. பிறகு இரு தரப்பையும் கூப்பிட்டார்கள். கணவர் வீட்டார் வார்டில் செல்வாக்குள்ள ஒருவரோடு காரில் வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கம் நானும் அவளும் மட்டும். “ஏம்மா, இவரோட வாழப் போறியா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு” என்றார் விசாரித்தவர்.

அந்தக் கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. வாழப் போகிறேன் என்றால், அப்படியானால் எதற்குப் புகார் என்கிறார்கள். வாழ மாட்டேன் என்றால், குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போய் விவாகரத்து வாங்கிக்கொள், இங்கே எதற்கு வந்தாய் என்கிறார்கள். அடி உதை ஏச்சு இல்லாமல் அதே வீட்டில் வாழ வேண்டும் என்ற மூன்றாவது பதிலுக்கு அங்கே இடமே இல்லை. முடிவில், இனி இப்படி நடக்காது என்று கணவர் ஒரு வரி எழுதினார். புகாரின் மீது மேல் நடவடிக்கை வேண்டாம் என்று அவளிடம் அரைப் பக்கம் எழுதி வாங்கினார்கள். அன்றிரவு அவள் அதே வீட்டுக்குத்தான் போனாள், முன்பைவிடக் கூடுதல் பயத்தோடு. ஏனென்றால் காவல் நிலையப் படியேறியவள் என்ற பெயரும் இப்போது சேர்ந்துவிட்டது.

காவலர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. குடும்பத் தகராறுகளில் முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மனைவியைக் கணவரும் அவர் வீட்டாரும் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் பழைய 498ஏ பிரிவு, இப்போது நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவாக, மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றப் பிரிவாகவே தொடர்கிறது; அதைப் போட்டுவிட்டால் குடும்பம் உடையும் என்ற தயக்கம் அந்தப் பெண்ணுக்கும் இருக்கிறது. ஆனால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, புகார் கேட்கும் காவல் அதிகாரியே பாதுகாப்பு அலுவலரைப் பற்றியும், இலவசச் சட்ட உதவியைப் பற்றியும், நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய நிவாரணங்களைப் பற்றியும் அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. அதை அங்கே யாரும் சொல்லவில்லை. சுவரில் 181 என்று பெரிதாக எழுதியிருந்ததைத் தவிர.

சமரசப் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. 2006ஆம் ஆண்டு விதிகளில் 14ஆவது விதி, இச்சட்டத்தின் கீழ் நடக்கும் ஆலோசனையில் எதிர்த்தரப்பினர் தாங்கள் செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்கக் கூடாது என்றும், அதை முன்கூட்டியே அவர்களிடம் தெரிவித்துவிட வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்கிறது. நீதிமன்றம் நியமிக்கும் ஆலோசகருக்கான விதி அது என்பதால், காவல் நிலைய மேசையை அது கட்டுப்படுத்தாது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அந்த விதியின் பின்னால் இருக்கும் அறிவு அந்த மேசைக்கும் வேண்டியதே. சோறு ஆறிப்போனது, எதிர்த்துப் பேசினாள், போனில் யாருடனோ சிரித்தாள் என்று கணவர் தரப்பு அடுக்கிக்கொண்டே போக, அதற்கெல்லாம் அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். புகார் கொடுத்தவளே குற்றவாளிக் கூண்டில் நின்றதுபோல அந்த மதியம் கழிந்தது. ஐந்துக்கு ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் என்னால் இந்தச் சேவைக்குத் தர இயலாது. அந்த ஒன்றும் ரசீதுக்காக.

சகி மையத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2015இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது. மருத்துவம், காவல், சட்டம், மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்கும் இடம் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் தருவது நோக்கம். பொதுவாக ஐந்து நாள் வரை தங்கலாம். நாங்கள் பார்த்த மையம் சுத்தமாக இருந்தது, ஆலோசகர் பொறுமையானவர், முக்கியமாக அவருடைய அறைக்குக் கதவு இருந்தது. வளர்ந்த ஆண் பிள்ளைகளைத் தாயோடு தங்க வைப்பதில்லை என்பது மட்டும் பெரிய குறை. பதின்ம வயது மகனை அந்த வீட்டில் விட்டுவிட்டு எந்தத் தாயும் வரமாட்டாள். தங்காமல், பேசுவதற்கு மட்டும் போகிறவளுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். படிவத்தையும் முடிந்தால் இந்த மையத்தின் வழியாகவே நிரப்பக் கேளுங்கள்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தைப் போக்க வேண்டும். ஏழைகளுக்கு மட்டும்தான் இலவச வக்கீல் என்று பலரும் நினைக்கிறார்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்ணாக இருந்தாலே போதும், வருமான வரம்பு கிடையாது. கணவருக்கு இரண்டு மாடி வீடு இருப்பது அவளுக்குத் தடை அல்ல. 15100 என்ற எண்ணிலும் பேசலாம். எங்களுக்குக் கிடைத்த வழக்கறிஞர் இளையவர், வாய்தாக்களுக்குத் தவறாமல் வந்தார். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று உறுதி கூற முடியாது. சரியாக அமையவில்லையென்றால் வேறு ஒருவரை நியமிக்கக் கோரி அதே அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

அந்த வழக்கறிஞர்தான் தங்கையின் மூன்றாவது பதிலுக்குச் சட்டத்தில் இடம் இருப்பதைக் காட்டினார். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பகிர்ந்து வாழும் வீட்டில் குடியிருக்கும் உரிமையை, அந்த வீட்டில் அவளுக்குப் பட்டாவோ பங்கோ இல்லாவிட்டாலும், தருகிறது. 18ஆம் பிரிவின் கீழ் வன்முறை செய்யக் கூடாதென்ற பாதுகாப்பு உத்தரவும், 19இன் கீழ் அவளை வெளியேற்றக் கூடாதென்ற உத்தரவும், தேவைப்பட்டால் கணவரையே வெளியேறச் சொல்லும் உத்தரவும் கேட்கலாம். அவரை வெளியேறச் சொல்வது போல மாமியாரைச் சொல்ல முடியாது, வீட்டிலுள்ள பெண்களுக்கு எதிராக அந்த உத்தரவு பிறப்பிக்கப்படாது. சீதன நகையைத் திருப்பித் தரச் சொல்லும் உத்தரவும் 19இலேயே இருக்கிறது. “வீடு எங்கப்பா பேர்ல இருக்கு, உனக்கு இங்க என்ன உரிமை?” என்பது நம் ஊர்க் கணவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் வீசும் வசனம். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில், மாமனார் பெயரிலுள்ள வீடும் பகிர்ந்து வாழும் வீடாகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வனிதா வழக்கில், மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி மட்டும் மருமகளின் குடியிருப்பு உரிமையைப் பறித்துவிட முடியாது என்றும் கூறியது. வயதான மாமனார், மாமியாரின் நிலையையும் நீதிமன்றம் எடைபோடும் என்பதால், இது நிபந்தனையற்ற உரிமை அல்ல. என்றாலும் இரவோடு இரவாகப் பெட்டியைத் தூக்கித் தெருவில் வீச முடியாது.

நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, தாளில் உள்ள வேகத்தை அப்படியே நம்பக் கூடாது. மனு கிடைத்ததிலிருந்து சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிவு என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடப்பில் எதிர்த்தரப்பு வக்கீல் பதில் மனுவுக்கு வாய்தா கேட்பார், பிறகு சமரச மையத்துக்கு அனுப்புவார்கள், வழக்கை விசாரிக்கும் நடுவர் (மாஜிஸ்திரேட்) விடுப்பில் இருப்பார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரை நாள் போய்விடும். ரேஷன் கடைப் பொய் அதற்குத் தாங்காது. தங்கை வேலை பார்க்கும் தையல் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அம்மாள் அவளுக்கு அனுமதி கொடுத்து, வீட்டிலிருந்து கேட்டால் வேலையில்தான் இருக்கிறாள் என்று சொல்லவும் முன்வந்ததால்தான் தொடக்க வாய்தாக்களைச் சமாளிக்க முடிந்தது. நோட்டீஸ் போன பிறகு மறைக்க எதுவும் இல்லை. அந்த நோட்டீஸ் வீட்டுக் கதவைத் தட்டும் நாளில் அவள் எங்கே இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஆபத்து மிகுந்த நாள் அதுதான்.

ஆகவே போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். திருமணப் பத்திரிகை, ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், நகையோடு எடுத்த கல்யாணப் புகைப்படம், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை வெளியே ஒருவரிடம் முதலிலேயே கொடுத்து வையுங்கள். நிரப்பிய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது இலவசமாகக் கிடைக்க வேண்டியது. பிறந்த வீட்டிலோ வேறிடத்திலோ தற்காலிகமாகத் தங்கியிருந்தால், அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். முதன்மை மனுவோடு சேர்த்து 23ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவையும் கேட்கச் சொல்லி வழக்கறிஞரை வற்புறுத்துங்கள். நிலைமை அவசரமானால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே அதைத் தர நடுவருக்கு அதிகாரம் உண்டு. பாதுகாப்பு உத்தரவைக் கணவர் மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவுக்கும் இது பொருந்தும். மனு தள்ளுபடியானால் 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும், அதற்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவே வழக்கறிஞர் தரும்.